முன்னறையில் ஒரு மருத்துவ நிலையம்

இல்லத்திலிருந்தே மருத்துவப் பணி தொடங்க விழைவோர்க்கு ஒரு பாடம்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் சமுதாயத்துச் சிறுவரும் அறிவர். ஆகார தானத்திற்கு நம் இல்லங்களில் அடுக்களை உண்டு. சாஸ்திர தானத்திற்கு ஜினாலயத்தில் நூல்கள் உண்டு. ஔஷத தானத்திற்கு நம் வீடுகளில் இடம் எங்கே உள்ளது? இவ்வினாவை எம்மை நோக்கி எழுப்பியவள் ஓர் இளம்பெண்.

எம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தியின் மகள் அவள். எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவள். கணவர் செய்யாறு சிப்காட்டில் பணிபுரிகிறார். வந்தவாசிக்கு அருகிலுள்ள எம் சிற்றூரில், எம் வீட்டின் பின்கட்டில் அவர்கள் குடியிருக்கின்றனர். இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு நகரத்து மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்க அவளால் இயலவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள், "பாட்டி, உங்கள் முன்னறை பூட்டியே கிடக்கிறதே, அதில் ஒரு மேசை போட்டு நோயாளிகளைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

யாம் உடனே இசைவு தரவில்லை. ஒரு வாரம் பொறுக்கச் சொன்னோம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதலில் கற்பித்தது, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பினுள் காலடி வைக்கலாகாது என்பதே. நோக்கம், முன்னறிவு, ஆயத்தம், துணைக்கருவிகள், நடைமுறை, தொகுத்தல், மதிப்பிடல் என அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒரு வாரத்தில் அவளையும் அவ்வாறே ஒரு குறிப்பு எழுதச் சொன்னோம். அவள் எழுதியதும், யாம் திருத்தியதும், பிறகு அனுபவம் எங்கள் இருவரையும் திருத்தியதும் இக்கட்டுரையாக அமைகின்றன. நம் பிள்ளைகளுள் மருத்துவம் பயின்றோர் பலர் உளர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

1. நோக்கம்

"எதற்காக இதைத் தொடங்குகிறாய்?" என்பதே எம் முதல் வினா. "சேவை செய்ய" என்று எழுதியிருந்தாள். அது விடையன்று, தலைப்பு மட்டுமே என்று அடித்துவிட்டோம். இரண்டாம் முறை, "காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, சிறு காயம் ஆகியவற்றிற்கு மருத்துவம், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளோர்க்குத் தொடர் கவனிப்பு, என்னால் இயலாததை உரிய இடத்திற்கு உரிய நேரத்தில் அனுப்புதல்" என்று எழுதினாள். இதுவே நோக்கம் எனப்படுவது. பிரசவம் பார்ப்பதில்லை, அறுவை செய்வதில்லை, இரவு முழுதும் படுக்க வைப்பதில்லை என்பதையும் கீழே எழுதச் செய்தோம். செய்யாதவற்றின் பட்டியல் இல்லாத மருத்துவ நிலையம் வேலியில்லாத வயலை ஒக்கும்.

2. முன்னறிவு

வீட்டிலிருந்து மருத்துவம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துகளின் பெயரையே நீதி நூல்களுக்கு இட்ட மரபு நம்முடையது. அவற்றுள் சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணச் சான்றோர். மருந்தும் அறமும் ஒரே அஞ்சறைப் பெட்டியில் இருந்த காலம் அது.

நம் பகுதிக்கு மிக அணித்தான மற்றொரு முன்மாதிரியும் உண்டு. திண்டிவனத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். அங்கு ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவ வேதனையிலிருந்த பெண்களுக்காக உதவி வேண்டி அடுத்தடுத்து வந்தனர். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் பயிலாத இளம்பெண். மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே அவரை மருத்துவம் பயிலத் தூண்டிற்று. 1899-ல் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900-ஆம் ஆண்டில் வேலூரில் தம் தந்தையார் வீட்டில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் அது பெண்களுக்கான மருத்துவமனையாயிற்று. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அந்த ஒற்றைப் படுக்கையே.

இவ்வரலாற்றை யாம் கூறியது, நம் முன்னறையும் நாளை பெருமருத்துவமனையாகும் என்று ஆசை காட்டுவதற்காக அன்று. அவர் தொடங்கியது ஊரில் எது இல்லையோ அதிலிருந்தே. எனவே தொடங்குவோர் முதலில் ஊரைப் படிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை தொலைவில் உள்ளது? அங்கு எந்நேரத்தில் மருத்துவர் இருக்கின்றார்? செவிலியர் எந்நாளில் தடுப்பூசி இடுகின்றார்? எவ்வேளையில் மக்கள் உதவியின்றித் தவிக்கின்றனர்? எம் ஊரில் அவ்வேளை மாலை ஐந்திலிருந்து எட்டு. வயலிலிருந்தும் நூறுநாள் வேலையிலிருந்தும் திரும்பிய பின்னரே தாய்மாருக்குத் தம் காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. ஆகவே நிலையத்தின் நேரமும் அதுவே ஆயிற்று.

3. ஆயத்தம்: சட்டமும் பதிவும்

"நம் வீடு, நம் அறை; யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்போர் உளர். வீடு நம்முடையதாயினும் உள்ளே வரும் உயிர் பிறருடையது. ஆதலின் கீழ்க்கண்டவற்றைப் பலகை மாட்டுமுன்னரே முடித்தல் வேண்டும்.

முதலாவது, மருத்துவர் மாநில மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல். அப்பதிவு எண்ணை நிலையத்திலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், கட்டண ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ளது. சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவர்க்கும் அவரவர் மன்றம் உண்டு. இயன்முறை மருத்துவர் முதலானோர்க்காக 2021-ல் தனி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எத்துறையினராயினும் தாம் பயின்ற முறையின் எல்லைக்குள் நிற்பதே நேர்மை.

இரண்டாவது, நிலையத்தின் பதிவு. மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2018-ல் வந்தன. ஒற்றை அறையாயினும் இதற்கு விலக்கில்லை. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கழிவு. ஊசியும் பஞ்சும் குப்பைமேட்டில் எறியத்தக்கவை அல்ல. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெற்று, கழிவைச் சேகரிக்கும் பொது நிலையத்தாருடன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து ஆகியன மஞ்சள் நிறப் பையில். ஊசி நீக்கிய சிரிஞ்சு, குழாய், கையுறை ஆகியன சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரியன துளைக்க இயலாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடிக் குப்பிகள் நீல நிறக் கலத்தில். இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி போன்ற கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. காலணியின்றிக் குப்பை பொறுக்கும் சிறுவனின் பாதத்தை நினைத்துக்கொண்டால் இவ்விதி கடினமாகத் தோன்றாது. எறும்பையும் மிதியாது நடக்கக் கற்ற நமக்கு இஃது எளிதன்றோ?

நான்காவது, மருந்து. மருத்துவர் தம்மிடம் வரும் நோயாளிக்குத் தாமே மருந்து தர விதியில் இடமுண்டு. ஆனால் கடை திறந்து எவர்க்கும் விற்றல் கூடாது. உரிமம் பெற்ற மருந்து வணிகரிடம் வாங்கி, பட்டியல்களைக் கோப்பில் வைத்தல் வேண்டும்.

இவற்றோடு, வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவு, மின்வாரிய அலுவலகத்தில் இணைப்பு எவ்வகையினது என்ற தெளிவு, அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் ஆகியனவும் வேண்டும். இறுதியிற் சொன்னதைப் பலர் மறப்பர். வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதை முதல்நாளே பேசிவிட்டதால் எம் தெருவில் இதுவரை பூசல் எழவில்லை.

4. துணைக்கருவிகள்

அறையின் அளவைவிட அதன் ஒழுங்கு முக்கியம். எம் முன்னறையில் செய்த மாற்றங்கள் இவை. தெருவிலிருந்து நேரே உள்ளே வர வாயில். வீட்டுக்குள் செல்லும் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். காத்திருப்போர்க்குத் திண்ணை. சோதிக்கும் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை. கை கழுவக் குழாயும் தொட்டியும். முதியோர் பற்றிக்கொண்டு ஏறப் படியருகே ஒரு கம்பி.

கருவிகளுள் முதன்மையானது கை கழுவும் சோப்பு. ஒரு நோயாளிக்கும் அடுத்தவர்க்கும் இடையே இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். இரத்த அழுத்தமானி, வெப்பமானி, விரல் நுனியில் பிராணவாயு அளவு காட்டும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, எடை பார்க்கும் எந்திரம் ஆகியவற்றுடன் தொடங்கினாள், இ.சி.ஜி. கருவி ஓராண்டு கழித்தே வந்தது. ஊசி போடும் அறையில் ஒவ்வாமை அதிர்ச்சிக்குரிய அட்ரினலின் மருந்தும், மூச்சூட்டும் பையும், பிராணவாயு உருளையும் இருந்தே தீரவேண்டும். இவை இல்லையேல் ஊசியே போடலாகாது என்பது அவள் தானே வகுத்துக்கொண்ட விதி.

குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு 2 முதல் 8 பாகை வெப்பநிலை வேண்டும். தயிரும் கறிவேப்பிலையும் வைக்கும் வீட்டுப் பெட்டி அதற்கு ஆகாது. தனிப் பெட்டி வாங்க இயலாத நிலையில், அத்தகைய மருந்துகளை அவள் வாங்கி வைக்கவே இல்லை. இல்லாததை இல்லை எனச் சொல்வதில் இழிவொன்றுமில்லை.

5. நடைமுறை

ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம். பெயர், வயது, குறை, கண்டது, தந்தது, மறுபடி வரவேண்டிய நாள். மாணவர் வருகைப் பதிவேட்டில் ஒருநாளும் இடம் விடாத எமக்கு இது பிடித்த பகுதி. நோயாளி தம் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என்பதும் முற்கூறிய நெறிமுறை விதிகளில் உள்ளதே. காசநோய் கண்டறிந்தால் அரசுக்கு அறிவித்தல் 2012 முதல் தனியார் மருத்துவர்க்கும் கட்டாயமாகும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். நடந்து வந்தவரை உடனே பார்த்தால் அளவு மிகுந்து காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்த்தி, கால்களைத் தரையில் ஊன்றச் செய்து, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி, பேசாமல் இருக்கச் செய்து, இருமுறை பார்த்தல் வேண்டும். அவ்வைந்து நிமிடப் பொறுமை இல்லாததால் வேண்டாத மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோரும் இருக்கக் கூடும்.

நம் சமுதாயத்தாரிடம் தனியாகக் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. "மாலையில் எத்தனை மணிக்கு உண்பீர்கள்?" என்பது அவற்றுள் ஒன்று. "இரவு உணவுக்குப் பின்" என்று சீட்டில் எழுதினால், சூரியன் மறைந்தபின் உண்ணாதவர் அம்மாத்திரையை விட்டுவிடுவார். அல்லது வெறும் வயிற்றில் உறங்கப்போகும் வேளையில் விழுங்குவார். இரண்டும் தீங்கே. அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் தசலட்சண பருவத்திலும் உபவாசம் இருப்போர் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ வழக்கம்போலவே எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கி மயக்கம் நேரலாம். தாமாகவே மருந்தை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கூறி அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வதே முறை. கேப்சூல் உறைகள் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. அதனை வேண்டாதார்க்கு அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமாயின் அவ்வாறே எழுதித் தரலாம். மருத்துவர் கேளாவிடினும் நோயாளி தாமே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தல் விரதத்தின் பகுதியன்று.

6. எல்லை

யாம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னதன் காரணத்தை இங்கே கூறுகின்றோம்.

2011-ஆம் ஆண்டில் ஒரு காலை, எம் கணவர் செய்தித்தாளை வலக்கையிலிருந்து நழுவவிட்டார். வாய் ஒருபுறம் கோணியது. எம்மை அழைத்த பெயர் குழறியது. வீட்டின் ஒரு பகுதியில் நடந்துவந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். "களைப்பு, வெயில் தாக்கியிருக்கும்" என்று படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினர். ஒரு பாட்டில் முடிந்து மற்றொன்று தொங்கிற்று. எங்களிடம் அன்பாகவே பேசினர். பிற்பகலில்தான், "பெரிய இடத்திற்குக் கொண்டுபோங்கள்" என்றனர். பெரிய மருத்துவமனையில் மூளையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு எம்மிடம் கேட்ட வினா ஒன்றே: "எப்போது தொடங்கிற்று?" காலை எட்டு மணி என்றோம். மணி அப்போது மூன்று.

குருதிக்குழாய் அடைப்பினால் வரும் வாதத்தில், தகுதியுள்ளோர்க்கு உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அம்மருந்து அவரைக் காத்திருக்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அதற்கான வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை. ஆறாண்டுகள் பேச்சின்றி வாழ்ந்து 2017-ல் மறைந்தார். முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்த நா அது.

அவர் கிடந்ததும் இந்த முன்னறையிலேதான். அதனால்தான் பூட்டி வைத்திருந்தோம். வீட்டு மருத்துவமனை என்ற சொல்லே எமக்குக் கசந்திருந்தது. இதையெல்லாம் அப்பெண்ணிடம் கூறி, "அன்று அவர்கள் செய்யத் தவறியது என்ன?" என்று கேட்டோம். அவள் நெடுநேரம் சிந்தித்து, "அனுப்பத் தவறினார்கள், பாட்டி" என்றாள். சாவியை அப்போதே கொடுத்தோம்.

இரண்டாம் மாதத்தில் அவ்விடைக்குச் சோதனை வந்தது. அறுபது வயது கடந்த ஒருவர், "வாயுப் பிடிப்பு, ஓர் ஊசி போடம்மா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது, இடத்தோள் வலித்தது. அவள் ஊசி போடவில்லை. ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் செய்து, 108-க்குத் தொலைபேசியில் சொல்லி, கண்ட குறிகளை மணியுடன் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாள். கட்டணமும் வாங்கவில்லை. மறுநாள் தெருவில், "ஊசி போடத் தெரியாத டாக்டர்" என்ற பேச்சு எழுந்தது. நான்கு நாள் திண்ணை வெறிச்சோடிக் கிடந்தது. அவள் அழுதாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் அம்முதியவரின் மகன் வந்தார். மாரடைப்பே என்றும், நேரத்தில் சேர்ந்ததால் பிழைத்தார் என்றும் திண்ணையில் நின்று உரக்கச் சொன்னார்.

அவள் செய்தது சரி என்பது முதியவர் பிழைத்ததால் அன்று. அவர் பிழையாமற் போயிருப்பினும் அதுவே சரியான செயல். இதை எல்லா இளம் மருத்துவரும் மனத்திற்கொள்ள வேண்டும். மாணவன் ஒருவனுக்குக் கணக்கில் எம்மால் மேலும் கற்பிக்க இயலாதபோது, அவனை அடுத்த ஆசிரியரிடம் அனுப்பினோமேயன்றி நம் வகுப்பிலேயே பிடித்து வைக்கவில்லை. மருத்துவத்திலும் அஃதே.

7. கட்டணமும் கணக்கும்

முதல் மாதக் கணக்கை இங்கே தருவதில் பிழையில்லை. வந்தோர் 74 பேர். கட்டணம் நூறு ரூபாய். கொடுத்தோர் 33 பேர், வரவு ரூ.3,300. கையுறை, சிரிஞ்சு, கழிவு எடுப்போர்க்குரிய தொகை, துப்புரவுப் பெண்ணின் ஊதியம், மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து செலவு ரூ.5,600. ஏழைகள் கொடுக்காததால் இக்குறை நேர்ந்தது என எண்ணுவோர் ஏமாறுவர். கொடாதார் 41 பேரில் பெரும்பாலோர் உறவினரும் வசதியுடையோருமே. "நம் வீட்டுப் பெண்தானே" என்ற ஒரு சொல்லே அவர்கள் தந்த கட்டணம்.

நோயாளியிடம் பணம் கேட்க அவள் கூசினாள். இலவசமாகக் கற்பித்தவர் எவரும் சம்பளமின்றி முப்பதாண்டு கற்பித்ததில்லை என்று அவளுக்கு எடுத்துக் கூறினோம். கட்டணத்தை எழுதி அறையில் மாட்டச் செய்தோம். அதுவும் முற்சொன்ன விதிகள் கூறுவதே. ஞாயிறு காலை மட்டும் எவர்க்கும் கட்டணமில்லை. தானம் செய்ய விழையும் அன்பர்களுக்காக ஒரு தனி உண்டியலும் தனிக் கணக்கும் வைத்தோம். இயலாதார்க்கு மருந்து அதிலிருந்து. தானத்தையும் தொழிலையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் கெடும். ஆறாம் மாதத்தில் வந்தோர் 180, கொடுத்தோர் 130, வரவு ரூ.13,000, செலவு ரூ.6,400. பெருஞ்செல்வம் அன்று, ஆயினும் நிலையம் தன் காலில் நின்றது.

கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்ததையும் நினைவில் வைத்தல் நலம். நல்ல குறிப்பேடும், நோயாளிக்கு விளங்குமாறு சொல்லிப் பெற்ற இசைவுமே மருத்துவர்க்குக் கவசம்.

விளம்பரத்திலும் அடக்கம் வேண்டும். பெயர், பட்டம், பதிவு எண், நேரம் ஆகியன கொண்ட சிறு பலகை போதும். தாம் பணி செய்யாத மருந்துக் கடைவாயிலில் பெயர்ப்பலகை மாட்டுவதையும் விதிகள் தகாத செயல் என்கின்றன.

8. நாவடக்கம்

இனி யாம் செய்த பிழை ஒன்றைக் கூறுதல் கடமை.

ஒருநாள் ஆலயத்தில் பூசை முடிந்து நின்றபோது, எம் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டு, "உன் மகள் நேற்று வந்திருந்தாளே, இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டோம். அன்பினால் கேட்டதுதான். அருகில் நால்வர் நின்றிருந்தனர். அப்பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். "என்ன நோய்?" என்ற கேள்வி அடுத்த தெருவுக்கும், அங்கிருந்து மணமகன் வீட்டுக்கும் சென்றது. அவளுக்கு இருந்தது வெறும் தலைவலி. ஆயினும் அவளும் அவள் தாயும் அதன்பின் எம் படி ஏறவில்லை.

மருத்துவர் மறை காப்பதாக உறுதி ஏற்கின்றார். வீட்டார் எவ்வுறுதியும் ஏற்பதில்லை. வீட்டிலிருந்து நடக்கும் மருத்துவத்தின் பெருங்குறை இதுவே. யார் வந்தார், எத்தனைமுறை வந்தார், அழுதுகொண்டே சென்றாரா என்பதெல்லாம் திண்ணையில் அமர்ந்திருக்கும் மாமியார்க்கும் பாட்டிக்கும் தெரியும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாரும் உறுதி ஏற்றல் வேண்டும். அன்று மாலை யாம் எம் நாற்காலியைத் திண்ணையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் போட்டுக்கொண்டோம். அப்பெண்ணின் இல்லம் சென்று மன்னிப்பும் கேட்டோம். அவர்கள் தேநீர் தந்தனர், திரும்பி வரவில்லை. ஒரு சொல்லால் அறுந்ததை வேறொரு சொல்லால் முடிய இயலவில்லை.

வீட்டாரின் அமைதியைக் காப்பதும் இதன் மறுபக்கம். இரவு எட்டு மணிக்குப் பின் அவசரம் எனில் 108 என்பதைப் பலகையிலேயே எழுதி வைத்தோம். தாய் எப்போதும் மருத்துவராகவே இருந்தால் குழந்தைக்குத் தாய் எங்கே?

9. தொகுத்தல்

எதைச் செய்வது, எதைச் செய்யாதது என முதலில் எழுதுக. பதிவும் கழிவும் முடித்தபின் பலகை மாட்டுக. குறைந்த கருவிகளைக் குறையின்றி வைத்திருக்க. கட்டணத்தைக் கூசாது எழுதுக. தானத்தைத் தனியே வைக்க. அனுப்ப வேண்டியவரைத் தாமதியாது அனுப்புக. வீட்டார் அனைவரும் நாக்காக்க.

10. மதிப்பிடு வினாக்கள்

அன்பர்கள் தம் இல்லத்தில் அமர்ந்து இவற்றிற்கு விடை காண்பார்களாக.

அ. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது எது? அதற்கான காலவரம்பு என்ன?

ஆ. பயன்படுத்திய ஊசி எக்கலத்தில் சேர வேண்டும்? ஏன்?

இ. நும் இல்லத்தில் சர்க்கரை மருந்து கொள்பவர், உபவாசத்திற்கு முன் மருத்துவரிடம் கூற வேண்டுவன யாவை?

ஈ. உறவினராகிய மருத்துவரிடம் கடந்த ஓராண்டில் கட்டணமின்றிப் பெற்ற உதவிகள் எத்தனை? அவற்றுள் கொடுத்திருக்கக் கூடியவை எத்தனை?

உ. பிறர் நோயைப் பற்றி இவ்வாரம் நாம் எத்தனை பேரிடம் பேசினோம்?

இறுதி இரண்டு வினாக்களுக்கும் விடையை எவரிடமும் காட்ட வேண்டியதில்லை.

இப்போது மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. முன்னறையில் விளக்கு எரிகிறது. திண்ணையில் செருப்புகளின் ஒலி கேட்கிறது. வந்தவர் யார் என யாம் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர் எவராயினும் நலம் பெறுக.